கொல்லிமலையில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதிக்கிறதே, கிருமி சாகுமா?

நாமக்கல் மாவட்டத்தில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. ஊற்று நீர் பளிங்குபோல இருக்கும். பிறகு ஏன் காய்ச்ச வேண்டும்?

தெளிவு வேறு, தூய்மை வேறு. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து வழியும் நீர் சாணத்தையும் மனிதக் கழிவையும் அடித்துவந்து ஊற்றிலும் கிணற்றிலும் சேர்க்கலாம். குடிநீரில் 100 மில்லிக்கு ஒரு ஈ.கோலி பாக்டீரியாகூட இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500.

குளோரின் போதாதா?

தெளிந்த நீரில் நன்றாக வேலை செய்யும். கலங்கல் நீரிலோ, மக்கிய இலையும் சேறும் குளோரினைத் தின்றுவிடும். மண் துகளுக்குள் ஒளிந்த கிருமி தப்பிக்கும். அதனால் தெளியவைத்து வடிகட்டிய பிறகே பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும். அரை மணி நேரமாவது விட வேண்டும். குழாயில் வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும்.

96 டிகிரி எப்படி?

உயரம் கூடினால் காற்றழுத்தம் குறையும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும். 1,200 மீட்டரில் 96. பருப்பு வேகத் தாமதமாகும். ஆனால் நோய்க்கிருமிகள் 70 டிகிரியைத் தாண்டினாலே வேகமாகச் சாகத் தொடங்கும். ஆகவே 96 தாராளம்.

தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிடுங்கள். அதே பாத்திரத்தில் மூடி ஆறவையுங்கள். கை படாமல் ஊற்றிக் குடியுங்கள். குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்க இது ஓர் எளிய வழி.