டிக் போட்டால் தெரியும் தில்லுமுல்லு

விமான நிலையத்தை ஒட்டிய அவனியாபுரத்தில் யாராவது 'வெப்சைட் திறக்க மாட்டேங்குதே' என்று புலம்பினால் பிரவுசரை மூடச் சொல்லுங்கள். டெர்மினல் என்கிற கறுப்புத் திரையைத் திறந்து, டொமைன் பெயரை விசாரிக்கும் 'டிக்' கட்டளையை 'டிக் +டிரேஸ்' என்று தட்டி, பக்கத்தில் டொமைன் பெயரைப் போட்டால்... அடடா, என்ன கூத்து!

முதலில், பெயர் தேடலின் உச்சியில் இருக்கும் ரூட் சர்வர்கள். 'ஏ' முதல் 'எம்' வரை 13 பெயர்கள். பெயர்தான் 13, பிரதிகள் உலகெங்கும். 'எஃப்' ரூட்டுக்குச் சென்னையிலேயே ஒன்று உண்டு. ரூட்டுக்கு உங்கள் வெப்சைட் எங்கே இருக்கிறதென்று தெரியவே தெரியாது! '.இன்' சர்வரைக் கேள் என்று கைகாட்டும். அதுவும் டொமைனின் நேம் சர்வர் பெயரைக் கொடுத்து அனுப்பிவிடும். தாலுகா ஆபீஸில் ஜன்னல் ஜன்னலாக அலைகிற கதைதான். ஆனால் தலைக்கு மேல் தாழப் பறக்கும் விமானம் ஓடுபாதையைத் தொடுவதற்குள் எல்லா ஜன்னலும் முடிந்துவிடும். 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த 'டிஎன்எஸ்' ஏற்பாடு இது.

கோளாறு பெரும்பாலும் கடைசி ஜன்னலில்தான். அங்கே உள்ள நேம் சர்வர்களைத் தனித்தனியாகப் பிடித்து டொமைன் விவரத்தின் பதிப்பைச் சொல்லும் சீரியல் எண் அடங்கிய 'எஸ்ஓஏ' பதிவைக் கேட்கவேண்டும். ஒன்று புது சீரியல் எண்ணும் இன்னொன்று பழையதும் சொன்னால் ஆள் சிக்கிவிட்டார்! உங்களுக்குத் திறக்கிற தளம் அடுத்த வீட்டில் திறக்காத மர்மம் பல நேரம் இதுதான். 'ரெஃப்யூஸ்டு' வந்தால், அநேகமாக அந்த சர்வரில் டொமைனையே ஏற்றவில்லை.

எனக்குப் பிடித்த வில்லன் ஒரு புள்ளி. டொமைனின் பதிவுகளை எழுதிவைக்கும் ஜோன் ஃபைலில் முழுப் பெயரின் முடிவில் அது விட்டுப்போனால், சர்வர் டொமைனை இன்னொரு தடவை ஒட்டிவிடும்: 'மெயில்.கடை.இன்.கடை.இன்'. டிக் அதைக் கொஞ்சமும் சிரிக்காமல் காட்டும். நமக்குத்தான் அடக்க முடியாது.

டொமைன் பெயரைத் தமிழிலும் கேட்கலாம்! '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' மூன்றும் ரூட்டில் இருக்கின்றன, 'எக்ஸ்என்' என்று தொடங்கும் ரோமன் எழுத்து வேஷத்தில். அவற்றுக்கும் முன்னால், 2007 அக்டோபரில், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு சோதனைக்காக 11 பெயர்களை ரூட்டில் ஏற்றியது. தமிழுக்கு '.பரிட்சை'. 'உதாரணம்.பரிட்சை' என்று நிஜமாகவே ஒரு தளம் இருந்தது! பிறகு நீக்கிவிட்டார்கள். இன்று கேட்டால் 'என்எக்ஸ்டொமைன்', அப்படியொரு பெயரே இல்லை. கூடவே ரூட்டின் சீரியல் எண் வந்து நிற்கும், பத்து இலக்கத்தில். முதல் எட்டைப் பிரித்துப் படியுங்கள்: வருடம், மாதம், தேதி!