பட்டா இருந்தால்தான் பரிவா?

விதர்பா என்றால் பருத்தி. மகாராஷ்டிரத்தின் கிழக்கே, வானத்தை நம்பி விதைக்கும் மானாவாரிக் கரிசல் பூமி. அங்கே கடன்பட்ட உழவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி அடுத்தடுத்து வந்தபோது சர்க்கார் சும்மா இருந்ததா? இல்லை, தோழர்களே! திட்டத்துக்குக் குறைவே இல்லை.

2006 ஜூலையில் பிரதமர் மன்மோகன் சிங் நேரில் சென்றார். யவத்மால், அமராவதி, அகோலா, வாசிம், புல்டாணா, வார்தா ஆகிய 6 மாவட்டங்களுக்கு 3,750 கோடி ரூபாய் அறிவித்தார். நிலுவை வட்டி தள்ளுபடி என்றார்கள். வட்டி போயிற்று, முதல்? தவணை மாறி அப்படியே நின்றது. கறவை மாடும் தந்தார்கள், பாதி விலையை உழவன் கட்டவேண்டுமாம்! பருத்திக்கே தண்ணீர் இல்லாத காட்டில் பசுவுக்குத் தீவனம் எங்கே?

2008 இல் கடனே தள்ளுபடி. நல்ல காரியம், நாடெங்கும் சிறு உழவர் பலர் மூச்சு விட்டார்கள். ஆனால் முழுத் தள்ளுபடி 2 ஹெக்டேர், அதாவது 5 ஏக்கர் வரைதான். ஆற்றுப் பாய்ச்சல் உள்ள 5 ஏக்கரும் விதர்பாவின் மானாவாரி 5 ஏக்கரும் ஒன்றா? அங்கே 7 ஏக்கர்க்காரனும் ஏழைதான். அவனிடம், 75 சதத்தைக் கட்டு, 25 சதம் தள்ளுகிறோம் என்றார்கள். கந்துவட்டிக்காரனிடம் பட்ட கடனோ கணக்கிலேயே வரவில்லை.

இறந்தவன் குடும்பத்துக்கு உதவித்தொகை 1 லட்சம். அதற்கு 2006 இல் மகாராஷ்டிர சர்க்கார் வகுத்த விதியைக் கேளுங்கள். நிலம் குடும்பத்தின் பெயரில் இருக்கவேண்டும். அங்கே அந்தப் பத்திரத்துக்கு 'ஸாத் பாரா' என்று பெயர். கடன் வங்கியிலோ கூட்டுறவிலோ உரிமம் பெற்ற வட்டிக்கடையிலோ வாங்கியதாக இருக்கவேண்டும். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்தவன்? உரிமமில்லாதவனிடம் கைநீட்டியவன்? தகுதியில்லை! செத்த பிறகும் தகுதி பார்க்கிறது தாலுகா ஆபீஸ்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 ஆம் ஆண்டுக் கணக்கு என்ன சொல்கிறது? இந்தியா முழுவதும் வேளாண்மையில் ஈடுபட்டோரில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 11,290 பேர். பயிரிடுவோர் 5,207. விவசாயக் கூலிகள் 6,083! ஆம், கூலிகளே அதிகம். கூலிக்காரனுக்குப் பட்டா ஏது? பட்டா இல்லாதவனுக்குப் பயிர்க்கடன் ஏது? வாங்காத கடனுக்குத் தள்ளுபடி ஏது?

அடுத்த முறை எவரேனும் மேடையேறித் 'தள்ளுபடி' என்று முழங்கும்போது, தோழர்களே, குத்தகைக்காரன் பெயர் அந்தப் பட்டியலில் உண்டா, கூலிக்காரனின் கைமாற்றுக் கடன் உண்டா என்று எழுந்து நின்று கேளுங்கள்.