கார் வீலில் பெயின்ட் தெறித்துவிட்டதா? குரோம் கெடாமல் எடுப்பது எப்படி?

அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பெயின்ட் வேலை. மாலை ஆபீஸ் முடிந்து வந்து பார்த்தால், உங்கள் கார் வீல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். உடனே பிளேடையோ, பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரையோ கையில் எடுக்காதீங்க. பெயின்ட்டோடு சேர்த்து பளபளப்பும் போய்விடும்.

ஏன் இவ்வளவு கவனம்?

குரோம் என்பது மிக மெல்லிய பூச்சு. அடியில் நிக்கல் அடுக்கு இருக்கும். அதன் மேலுள்ள குரோமியம் பெரும்பாலும் 1 மைக்ரான்கூட இருக்காது. பூச்சு உடைந்து ஈரம் உள்ளே இறங்கினால் துருப்பிடித்து உரியத் தொடங்கும். அப்புறம் மறுபடியும் பிளேட்டிங் செய்வதுதான் வழி.

உங்கள் வீல் குரோம்தானா?

முதலில் இதைப் பாருங்கள். நம் ஊர் கார்கள் பலவற்றில் இருப்பது பிளாஸ்டிக் வீல் கவர் அல்லது கிளியர் கோட் அடித்த அலாய் வீல். உண்மையான குரோம், கண்ணாடி மாதிரி முகம் காட்டும். சந்தேகம் இருந்தால் குரோம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் தின்னர், கிளியர் கோட்டையும் பிளாஸ்டிக்கையும் கெடுத்துவிடும்.

எப்படி எடுப்பது?

1. வீல் சூடு ஆறியதும் கார் ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். மண் ஒட்டியிருக்கும்போது தேய்த்தால் கீறல் விழும்.

2. புதிதாக விழுந்த எமல்ஷன் என்றால், வெந்நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, நகத்தாலோ பழைய பிளாஸ்டிக் கார்டாலோ மெதுவாகத் தள்ளுங்கள். அலாய், பிளாஸ்டிக் என்றால் இதோடு நிறுத்திக்கொண்டு, மீதியை டீடெய்லிங் கடைக்காரரிடம் விடுங்கள்.

3. குரோமில் காய்ந்த எனாமல் என்றால், துணியில் கொஞ்சம் தின்னர் தொட்டுத் துடையுங்கள். வீலில் நேரடியாக ஊற்றாதீங்க. டயர் ரப்பருக்கு ஆகாது.

4. அப்பவும் போகவில்லையா? 0000 நம்பர் ஸ்டீல் வுல்லை சோப்புத் தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்கலாம். கடைசியில் கழுவித் துடைத்து வாக்ஸ் போடுங்கள். பிரேக் டிஸ்க்கில் மட்டும் வாக்ஸ் படவே கூடாது, பிரேக் பிடிக்காது.

செய்யவே கூடாதவை

டாய்லெட் கிளீனர் வேண்டாம். பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. அது குரோமையே கரைக்கும். தின்னர் வேலையை பேஸ்மென்ட்டில் செய்யாதீங்க. அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்.

அடுத்த முறை பெயின்ட் வேலை என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் வந்தால், காரை இடம் மாற்றிவிடுங்கள். முடியாவிட்டால் நான்கு வீலுக்கும் பழைய பெட்ஷீட் போதும்.