பாகூர் ஏரியை தூர்வாரினால் மட்டும் போதுமா? பிரெஞ்சு ஆய்வாளர் எழுப்பிய கேள்வி

வடகிழக்குப் பருவமழை நெருங்கினாலே புதுச்சேரி கிராமங்களில் ஒரே கோரிக்கைதான். ஏரியை தூர்வாருங்க, வரத்து வாய்க்காலை சுத்தம் பண்ணுங்க. நியாயமான கோரிக்கைதான். ஆனால் மண்ணை அள்ளிவிட்டால் பழைய ஏரிப் பாசனம் திரும்பி வந்துவிடுமா?

அவ்வளவு சுலபம் இல்லை என்பதை ஒலிவியா ஒப்ரியோவின் ஆய்வுகளைப் படித்தால் புரிந்துகொள்ளலாம். பிரான்ஸைச் சேர்ந்த இவர், நேபாளத்தில் பாசன முறைகளை ஆராய்ந்தவர். பிறகு புதுச்சேரி, விழுப்புரம் பகுதி ஏரிகளையும் கிணறுகளையும் பற்றி ஆய்வு செய்து 2013-ல் புத்தகமாக வெளியிட்டார்.

தண்ணீர் எங்கிருந்து வருது?

புதுச்சேரி பகுதியில் 84 ஏரிகள் உள்ளன. 59 ஏரிகளுக்கு ஆற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாக வரும். மீதி 25 மழையை நம்பி இருப்பவை. இருப்பதில் பெரியது வில்லியனூர் பக்கம் உள்ள ஊசுட்டேரி, அடுத்தது பாகூர் ஏரி. தென்பெண்ணையாற்றின் சொர்ணாவூர் அணைக்கட்டில் இருந்து பங்காரு வாய்க்கால் வழியாக பாகூருக்கு தண்ணீர் வருகிறது. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

அறிவு யாரிடம் இருந்தது?

கரை, மதகு, கலங்கல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது, அதை இயக்கிய ஏற்பாடு. எந்த மதகை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு எத்தனை நாள் விடுவது, கலங்கல் வழியாக மிகும் தண்ணீர் அடுத்த ஏரிக்கு ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ஆள் இருப்பார். நீர்கட்டி, நீர்பாய்ச்சி, மடையர் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கூலி பெரும்பாலும் நெல்லாக வரும். கோடையில் அள்ளும் வண்டல் மண் வயலுக்கு உரமாகப் போகும். அதாவது தூர்வாருவது தனி வேலையாக இல்லை, விவசாயத்தோடு சேர்ந்தே நடந்தது.

இதையெல்லாம் இன்று பாரம்பரிய அறிவு என்று புகழ்கிறோம். ஆனால் பல ஊர்களில் நீர்கட்டி ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். ஏரியை முழுசா தெரிந்தவருக்கு ஏரி பற்றி முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இருந்த 'சேந்திகா அக்ரிகோல்' என்ற விவசாய சங்கங்களும் நிலம் வைத்திருந்தவர்களின் சங்கங்கள்தான்.

மோட்டார் வந்த பிறகு?

பசுமைப் புரட்சி காலத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. மதகு திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்து வயல்காரரோடு பேசி முறை வைக்கவும் வேண்டாம். சுவிட்சைப் போட்டால் தண்ணீர். வாய்க்காலை வெட்ட வர வேண்டிய ஆள் வரவில்லை, நீர்கட்டிக்கு நெல் அளக்க வேண்டிய அவசியமும் குறைந்தது. இப்படித்தான் ஏற்பாடு கரைந்தது.

1999-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு ஏரிகள் புனரமைப்புத் திட்டம் வந்தது. கரையை பலப்படுத்துவதோடு, ஒவ்வொரு ஏரிக்கும் பயன்படுத்துவோர் சங்கம் அமைக்கப்பட்டது. நிலமில்லாதவர்களையும் பெண்களையும் சேர்க்க முயன்றது இதில் முக்கியமான மாற்றம். தமிழ்நாட்டிலும் 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஏரி வேலைகள் தொடங்கின.

ஒப்ரியோவின் கேள்வி

பிரபாகர் என்பவரோடு சேர்ந்து 2011-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பில், 'புத்துயிர்' என்ற சொல்லை ஒப்ரியோ மேற்கோள் குறிக்குள் போட்டார். உண்மையிலேயே உயிர் வந்ததா, அதனால் ஊரில் யாருக்கு என்ன என்று கேட்பது போலத்தான் அது. 2013 புத்தகத்தின் தலைப்பிலும் ஏரி, கிணறு இரண்டின் நெருக்கடியும் சேர்ந்தே வருகிறது.

காரணம் இருக்கிறது. ஏரியில் தண்ணீர் நின்றால் சுற்றியுள்ள கிணறுகளில் நீர்மட்டம் ஏறும். அதனால் மோட்டார் வைத்திருப்பவருக்கு மதகு மூடியே இருந்தால் லாபம். மோட்டார் வாங்க வசதி இல்லாத சிறு விவசாயிக்கு மதகு திறந்தால்தான் பயிர். ஒரே ஏரி, ஒரே தண்ணீர், இரண்டு தேவை.

பாகூர் கொம்யூனில் கடலோரம் போகப் போக நிலத்தடி நீரை அதிகம் உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே ஏறும் ஆபத்தும் இருக்கிறது. அங்கே ஏரி நிரம்பி நிற்பது ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத, குடிக்க கிணற்றை நம்பியிருக்கும் குடும்பத்துக்கும் தேவை. பழைய முறைப்படி மதகு பற்றிப் பேச உரிமை இருந்தது ஆயக்கட்டுதாரர்களுக்கு மட்டுமே.