ஐந்து சொற்களும் ஒரு காயமும்

அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1966-இல் உருவாக்கிய ‘கம் அவுட்’ படைப்பில் வாத்தியமே கிடையாது. ஏறத்தாழ 13 நிமிடமும் ஒரு கறுப்பின இளைஞரின் குரல் மட்டும்தான்.

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த டேனியல் ஹாமுக்கு 1964-இல் வயது 18. போலீசார் அவரை அடித்து நொறுக்கினார்கள். ரத்தம் வடிந்தவர்களை மட்டுமே மருத்துவமனைக்கு அழைத்துப்போனதால், கன்றிப்போன இடத்தைத் தானே பிதுக்கி ரத்தம் வரவழைத்ததாக அவர் சொல்கிறார். பின்னர் ஒரு கொலை வழக்கில் கைதான ஆறு பேரில் அவரும் ஒருவர். அவர்களின் மறுவிசாரணைக்கு நிதி திரட்டிய நிகழ்ச்சிக்காகவே ரைஷ் இந்தப் படைப்பைச் செய்துகொடுத்தார்.

முதலில், ரத்தம் வரவழைத்ததைச் சொல்லும் ஹாமின் வாக்கியம் மூன்று முறை முழுதாக ஒலிக்கிறது. பிறகு கடைசி ஐந்து சொற்கள் மட்டும் ஒலிநாடாவின் இரண்டு தடங்களில் சுழல்கின்றன. ஒன்று மெல்லப் பின்தங்க, குரல் இரண்டாகிறது, நான்காகிறது, எட்டாகிறது. முடிவில் சொல் கரைந்து, ‘ஷ்’ என்ற உரசல் மட்டும் தாளமாக நிற்கிறது.

ஒலி படிப்படியாக மாறும் செயல்முறையே இசை என்று 1968-இல் ரைஷ் ஒரு கட்டுரை எழுதினார். ஆய்வாளர்கள் பலரும் நெடுங்காலம் அந்த வழியிலேயே கேட்டார்கள். நாடா எத்தனை நொடி விலகியது என்று கணக்கிட்டவர்களுக்கு, பேசியவர் யார் என்பது அடிக்குறிப்பாகிப் போனது. 2001-இல் இசை ஆய்வாளர் லாயிட் வைட்செல் அந்த மௌனத்தை உடைத்தார்: வெள்ளையரின் புதுமைக் கலை, கறுப்பினக் குரலை எடுத்துக்கொண்டு ஆளை அழித்துவிடுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. இன்னொரு ஆய்வாளரான சுமந்த் கோபிநாத் இன்னும் ஆழமாகப் போனார். யேல் பல்கலைக்கழகத்தில் 2005-இல் முடித்த முனைவர் பட்ட ஆய்விலும் பிந்தைய கட்டுரையிலும், இந்தப் படைப்பை ஹார்லெம் தெருக்களுக்கும் அந்த வழக்குக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். ரைஷின் பாணியான மினிமலிச இசை பற்றி நான் படித்தவற்றில் அவர் எழுத்துதான் மிகவும் மனிதத்தன்மை கொண்டது.

வைட்செல்லின் குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஆனாலும் தொடக்கத்தில் மூன்று முறை வரும் அந்த முழு வாக்கியத்தை அவர் போதிய அளவு எடைபோடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. அது இல்லையென்றால் மீதமிருப்பது வெறும் ஒலி விளையாட்டு. அது இருப்பதால், சொற்கள் சிதையச் சிதைய நம் காது அவற்றை விடாமல் தேடுகிறது. ஹாம் பட்ட அடி தெரிந்துவிட்ட ஒருவரால் அந்த ‘ஷ்’ ஒலியை வெறும் தாளமாகக் கேட்க முடியாது.

யூத இன அழிப்பில் தப்பியவர்களின் குரல்களை வைத்து ரைஷ் 1988-இல் அமைத்த ‘டிஃபரன்ட் ட்ரெயின்ஸ்’ படைப்பிலும், பிறர் குரலை எடுத்தாள்வது பற்றிய இதே கேள்வி எழுந்தது. ஆய்வாளர் ஏமி லின் வ்லொடார்ஸ்கி 2010-இல் மூல ஒலிப்பதிவுகளைத் தேடிப்போய்க் கேட்டார். வெட்டி அடுக்கியதில் ரைஷின் கையும் சாட்சியத்துக்குள் கலந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார்.