வினைக்கேற்ற வண்டி

நீதியைச் சுருங்கச் சொல்ல வெண்பா, கதையை விரித்துரைக்க விருத்தம், கருத்தைத் தடையின்றிச் சொல்லிச் செல்ல அகவல் என்று வகுப்பறையிலே நெடுங்காலமாகக் கற்பித்து வருபவன் யான். பொருளுக்கேற்ற யாப்பு வேண்டும் என்பதை ஒப்பும் உலகம், பயணத்துக்கேற்ற வண்டி வேண்டும் என்பதை மட்டும் ஏனோ ஒப்ப மறுக்கின்றது. என் வீட்டுத் தாழ்வாரத்திலே மூன்று துவிச்சக்கர வண்டிகள் நிற்கின்றன. மூன்றும் உருக்கினால் ஆனவை. "இஞ்சாருங்கோ, உங்களுக்கு இருக்கிறது இரண்டு கால்; சைக்கிள் மூண்டோ?" என்பது என் இல்லாள் பொங்கலுக்கு வீடு துப்புரவாக்குந்தோறும் எழுப்பும் வினா. தக்க வினாவே. அதற்கு விடை கூறப் புகுந்ததே இக்கட்டுரை.

இரு சில்லும் ஏறத்தாழ ஒத்த அளவினவாய்ச் சங்கிலியாற் பின்சில்லு சுழலும் வண்டியை 1885இல் இங்கிலாந்தின் கொவென்றி நகரிலே ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பார் 'றோவர்' என்னும் பெயரால் வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து, 1888இல், பெல்பாஸ்ற் நகரத்து டன்லொப் காற்றடைத்த ரயருக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் கூடியபின் வண்டியின் அடிப்படை வடிவம் பெரிதும் மாறவில்லை. மாறியவை அளவும் சாய்வும் நிறையுமே. ஆயினும் அச்சிறு மாற்றங்களே ஒரு வண்டியை ஒரு வினைக்கு உரியதாகவும் மற்றொன்றுக்கு ஒவ்வாததாகவும் செய்கின்றன.

முதலாவது, 1950களில் என் தந்தையார் வாங்கிய றலி. இருபத்தெட்டு அங்குலச் சில்லு, கம்பிப் பிறேக், சங்கிலியை முற்றாக மூடிய உறை. ஆசனத் தண்டும் முன்கவையும் நன்கு சாய்ந்திருத்தலின், ஏறி அமர்ந்தவர் முதுகு வளையாது நிமிர்ந்து செல்வர். பெரிய சில்லு சிறு குழிகளை எளிதிற் கடக்கும். சங்கிலி உறையினால் வேட்டியிலே எண்ணெய்க் கறை படியாது. கல்லூரிக்கும் கோயிலுக்கும் இதைவிட உகந்த வண்டி வேறில்லை. குறையும் உண்டு. இருபது கிலோவை நெருங்கும் நிறை. எதிர்காற்றிலே நெஞ்சு நோகும். மழையில் நனைந்த முலாம் பூசிய றிம்மைப் பிறேக்குக் கட்டைகள் உடனே பற்றா. ஆதலின் மாரிகாலத்தில் நிறுத்த வேண்டிய இடத்துக்கு வெகு முன்னரே பிறேக்கை அழுத்தத் தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது, இருபத்தாறு அங்குலச் சில்லுடைய மெல்லிய ஹம்பர். பின்சில்லின் குடத்துள்ளே 'ஸ்ரேமி ஆச்சர்' மூவேகப் பொறி அமைந்துள்ளது. நொட்டிங்ஹாமிலே அறிமுகமான இவ்வகைப் பொறியின் நுட்பம் வியத்தற்குரியது. முன்பல்லு 46, பின்பல்லு 18 ஆயின், இடைவேகத்திலே பெடலின் ஒரு சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 5.3 மீற்றர் செல்லும். தாழ்வேகம் அதன் முக்காற்பங்கு, நான்கு மீற்றர். உயர்வேகம் ஒன்றே காற்பங்கினும் சற்று மிகுந்து, ஏழு மீற்றர். கோப்பாயிலிருந்து பருத்தித்துறைக்கு வல்லை வெளியூடாகச் சென்றவர்க்கு இக்கணக்கின் பயன் சொல்லாமலே விளங்கும். சோளகம் பெயர்ந்த காலத்திலே போகும்போது முதுகைத் தள்ளும் காற்று, திரும்பும்போது மார்பைத் தள்ளும். மறைப்புக்கு ஒரு வேலியும் இல்லாத அவ்வெளியிலே, போகையில் உயர்வேகமும் மீள்கையில் தாழ்வேகமுமே துணை. றலியில் அவ்வழி சென்று வந்தால் மறுநாள் வகுப்பில் இருந்துகொண்டே பாடஞ்சொல்ல நேரும்.

மூன்றாவது, இந்நாட்டிலே செய்த லுமாலா. நடுவே பார் இல்லாதது. முன்னே கூடை, பின்னே அகன்ற கரியர். கரியரிலே அரிசிப் பையை ஏற்றியபின் அதன்மேலாகக் காலை வீசி ஏறுதல் ஐம்பது கடந்தவனுக்கு ஆகுமா? பார் இல்லாத வண்டியிலே காலை முன்புறமாக எடுத்துவைத்து ஏறிவிடலாம். பாரம் மிகுந்தாலோ வழி நீண்டாலோ இதன் சட்டம் சற்றே நெளியும். ஆயினும் சந்தைக்கும் சங்கக் கடைக்கும் அதுவே போதும்.

இனி, உருக்கு ஏன்? அலுமினியம் இலேசானது, துருப்பிடித்து உதிராது. ஆயினும் அது வளைந்தால் நிமிர்த்துதல் அரிது. ஒட்டுவதற்கும் தனித்திறன் வேண்டும். உருக்கோ மன்னிக்கும் குணமுடையது. பழைய வண்டிகளின் குழாய்களை உறைபோன்ற இணைப்புக்களிற் செருகி, உருகிய பித்தளையை ஊட்டிப் பொருத்தினர். பித்தளை உருகும் வெப்பம் உருக்கு உருகும் வெப்பத்தினும் மிகக் குறைவாதலின் குழாய் கெடாது இணையும். அவ்விணைப்பை மீண்டும் சூடாக்கிப் பிரித்து, உடைந்த குழாயை மாற்றவும் இயலும். சந்தியிலுள்ள திருத்துநர், வளைந்த கவையைக் கையாலும் நெம்புகோலாலும் நேராக்கித் தருவார். உருக்கின் பகை உப்புக்காற்று ஒன்றே. ஆண்டுக்கு ஒருமுறை ஆசனத் தண்டை வெளியே இழுத்துக் கிறீஸ் பூசிச் செருகுக. இல்லையேல் அது குழாயோடு ஒன்றிப்போய் எவர்க்கும் அசையாது.

பழைய வண்டி வாங்க விழையும் மாணாக்கர்க்குச் சில சொல்வேன். வண்ணத்தைப் பாராதீர், முன்கவைக்குப் பின்னுள்ள குழாயின் அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். அங்கே மடிப்புத் தட்டுப்பட்டால் அவ்வண்டி எங்கோ மோதியது என்று அறிக. ரயரிலே 26 என்று பொறித்திருத்தலை மட்டும் நம்பாதீர். பழைய வண்டியின் இருபத்தாறு அங்குல ஒன்றேகாலேயரைக்கால் போலத் தோன்றும் ரயர்களுள்ளும் பல இனமுண்டு: பழைய மெல்லிய இனத்தின் றிம் விட்டம் 590 மில்லிமீற்றர், மலைவண்டி இனத்தினது 559. ஒன்று மற்றொன்றிற் பொருந்தாது. பழைய றலியின் பெடல் அச்சுக் கிண்ணங்களுக்கு அங்குலத்துக்கு 26 புரி. பிற ஆங்கில வண்டிகளுக்கு 24. கிண்ணம் தேய்ந்திருப்பின், மாற்றுக் கிடைக்குமா என்று கேட்டறிந்த பின்னரே விலை பேசுக. எவ்வகையாயினும், உங்கள் ஊர்க் கடையிலே ரயர் கிடைக்கும் அளவையே தெரிந்துகொள்க.

வள்ளுவர் ஆளைத் தெரிந்து வினைக்கு உரியனாக்கும் முறையைத் 'தெரிந்து வினையாடல்' எனத் தனி அதிகாரமாகவே வகுத்தார். வண்டிக்கும் அந்நீதி பொருந்தும். ஆயினும், ஒருவன் மூன்று வைத்திருத்தல் அவனது சுகத்துக்கு மட்டுமே ஆயின் அது ஆடம்பரமே. இவ்விடத்திலேதான் யான் முதன்மையாகச் சொல்லக் கருதியது தொடங்குகின்றது.

1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருளும் மின்கலமும் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் இல்லை. வண்டியைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்னூட்டிச் செய்தி கேட்ட தலைமுறை எங்களுடையது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழி வழியே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, தந்தையாரின் றலியிலே ஒரு மூடை அரிசியும் அன்னையாரின் பெட்டியும் இலக்கண நூற்கட்டு ஒன்றும் ஏறின. எவரும் அதில் ஏறவில்லை. ஏற இடமுமில்லை, வழியுமில்லை. அன்று அது செலுத்தும் வண்டியன்று. உருட்டிச் செல்லும் வீடு.

பின்னர் 2022இல் நாடெங்கும் எரிபொருள் அற்றது. பேருந்துகள் குறைந்தன. துவிச்சக்கர வண்டியின் விலை எளியவர் எட்டாத அளவுக்கு ஏறியது. பன்னிரண்டு கிலோமீற்றர் தொலைவிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவி ஒருத்தி, "ஐயா, நாளையிலயிருந்து என்னால வரேலாது" என்றாள். தேர்வுக்கு நான்கு மாதமே இருந்தது. அன்று மாலை லுமாலா அவளோடு சென்றது. நான்கு மாதமும் அவள் ஒரு நாளேனும் வராது நின்றிலள், தேர்வும் எழுதினாள். அக்காலத்தில் யான் அரிசிப் பையை றலியிலே கட்டித் தள்ளிக்கொண்டு வந்தேன். தாழ்வாரத்திலே ஒரு வண்டி மிகுதியாக நின்றிராவிடின் அப்பிள்ளையின் படிப்பு அன்றோடு நின்றிருக்கும். மிகை என்று நாம் நினைப்பது, இடர் வந்த காலத்திலே இன்னொருவர்க்கு இன்றியமையாததாகின்றது.

இன்று பழைய இரும்பு வாங்குவோர் ஒழுங்கைதோறும் வருகின்றனர். "பண்டிதர் ஐயா, உதை வைச்சு என்ன செய்யப் போறியள்? கிலோக் கணக்கில எடுக்கிறன்" என்கின்றனர். அவர் மேற் குறையில்லை. அது அவர் தொழில். ஆனால், நிறுத்து விற்ற வண்டியை மீண்டும் பெறுதல் அரிது. றலி பிறந்த நொட்டிங்ஹாமிலேயே 2002இல் வண்டி உற்பத்தி நின்றுவிட்டது. அத்தொழிற்சாலையில் இளமையிற் கூலியாக உழைத்த அலன் சிலிற்றோ, துவிச்சக்கர வண்டித் தொழிலாளி ஒருவனைத் தலைவனாக்கி 1958இல் எழுதிய நாவல் நிற்கின்றது, தொழிற்சாலை நிற்கவில்லை. இங்கோ, கம்பிப் பிறேக்கைச் சீராக்கவும் மூவேகக் குடத்தைப் பிரித்துப் பூட்டவும் வல்ல திருத்துநர் முதியவராகி வருகின்றனர். வண்டிகள் ஓடினாலன்றி அவர் கைத்திறன் இளையவர்க்குச் செல்லாது.

ஆதலின் ஆசிரியன்மாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பின்புறத்திலே தந்தையார் காலத்து வண்டி துருவேறிக் கிடப்பின், அதைத் தராசில் ஏற்றுமுன் திருத்துநரிடம் ஒருமுறை உருட்டிச் செல்லுங்கள். இரண்டு ரயரும் ஒரு சங்கிலியும் சிறிது எண்ணெயும் போதியதாகலாம். உங்களுக்கு வேண்டாவிடின், பேருந்தை நம்பிப் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். காற்று அடித்து வைத்த வண்டிக்கு உரியவர் தாமே வந்து சேர்வர்.