ஊர்ப் பெயர் எழுதும் நோட்டு

மனம் பேதலித்துப் பிளாட்பாரத்தில் திரிபவர்களை நாம் தினமும் கடந்து போகிறோம். டாக்டர் பரத் வட்வானி தம்பதி 1988-ல் மும்பையில் தொடங்கிய 'சிரத்தா' நிறுவனம், இத்தகையோரை அழைத்துப்போய்ச் சிகிச்சை தருகிறது. இப்போது கர்ஜத்தில் இயங்குகிறது. மருந்தில் தெளிவு வர வர, பேசும் மொழி, ஊர், வீட்டார் பெயர் என விசாரிக்கிறார்கள். அந்த விவரத்தை வைத்துத்தான் வீடு கொண்டுபோய்ச் சேர்ப்பது. டாக்டருக்கு 2018-ல் மகசேசே விருது கிடைத்தது.

அதே விவரம் மேஸ்திரி காதுக்கு எட்டினால் பிழைப்பு போச்சு! ஆகவேதான், சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்கவேண்டும் என்கிறது 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம். சம்மதமின்றிப் பத்திரிகைக்குப் படம்கூடத் தரக்கூடாது. (நிருபர்களுக்குக் கசப்புதான், ஆனாலும் நியாயம்.) யாராவது நோட்டோடு வந்து உங்கள் வீட்டில் விசாரித்தால், "இதை யாருக்குக் காட்டுவீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தம் சிகிச்சைப் பதிவேட்டைப் பார்க்க நோயாளிக்கும் உரிமை உண்டு.